முதலில் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை

ஆக்சிஜன் மாஸ்க் கதையைக் கேட்காமல் இன்று எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சிலிருந்தும் தப்பிக்க முடியாது. "விமானத்தில் என்ன சொல்கிறார்கள்? முதலில் உங்கள் மாஸ்க்கை மாட்டுங்கள், அப்புறம்தான் பக்கத்தில் இருப்பவருக்கு. வாழ்க்கையும் அப்படித்தான். முதலில் நீங்கள் சந்தோஷமாக இருங்கள். உங்களிடம் இல்லாததை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்?" ஐ.டி. கம்பெனிப் பயிற்சி வகுப்பில், பள்ளி ஆண்டுவிழா மேடையில், விடிவதற்குள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்து விழும் வீடியோவில் என்று எங்கு திரும்பினாலும் இதே உவமைதான். கைதட்டலும் வாங்கிவிடுகிறது. விமானத்தில் கால் வைக்காதவர்கள்கூட இதைச் சொல்லித் தங்கள் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த அறிவிப்பை ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பார்க்கலாம். 35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் சட்டென்று இறங்கினால், மாஸ்க் இல்லாதவர் தெளிவோடு இயங்க ஒரு நிமிடத்துக்கும் குறைவான அவகாசம்தான். குழந்தைக்கு முதலில் மாட்டப் போய், அது திமிறி, நேரமாகி, மாட்டுகிறவர் மயங்கிவிட்டால் இருவர் உயிருக்கும் ஆபத்து. விதி அதற்காகத்தான் வந்தது. அதன் கண் பக்கத்து இருக்கையில் இருக்கிறது. மாட்டிக்கொள்ள ஆகும் நேரம் சில வினாடிகள். மாட்டிக்கொண்டு, மூச்சு சீராகி, மனம் லேசாகி, தன்னைத்தானே நேசிக்கக் கற்றுக்கொண்டு, பாலித் தீவுக்கு ஒரு நடை போய்வந்து, அதன் பிறகு குழந்தையைக் கவனியுங்கள் என்று எந்தப் பணிப்பெண்ணும் சொன்னதில்லை. சில வினாடியை இருபது வருடமாக இழுத்தவர்கள் நம் பேச்சாளர்கள்தான்.

உள்ளூர்ச் சாட்சிக்கு ஒரு பழமொழியையும் கூட்டி வருவார்கள்: தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். அது பேசுவது நெல்லைப் பற்றி, காசைப் பற்றி. பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறு போடாதே, கடன் வாங்கிக் கொடை வள்ளல் ஆகாதே என்கிற கணக்கு. நியாயமான கணக்கு. ஆனால் மனநிலையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. மனம் குளிர்ந்து மிஞ்சிய பிறகுதான் பக்கத்து வீட்டுக் கிழவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டிகள் சலித்துக்கொண்டே போனார்கள். திட்டிக்கொண்டே ரசம் வைத்துக் கொடுத்தார்கள்.

மகிழ்ச்சிக்கு இப்போது அரசாங்க அந்தஸ்தே வந்துவிட்டது. மார்ச் 20ஐ உலக மகிழ்ச்சி நாளாக ஐ.நா. 2012இல் அறிவித்தது. நாடுகளை மகிழ்ச்சி வாரியாக வரிசைப்படுத்தும் அறிக்கையும் அதே ஆண்டில் தொடங்கியது. மத்தியப் பிரதேசம் 2016இல் மகிழ்ச்சிக்கென்றே ஒரு துறையை உண்டாக்கியது. டில்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிக்குத் தனிப் பாடவேளை வந்தது. எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பரீட்சை பயத்தில் சுருண்டு கிடக்கும் பிள்ளைகளை ஒரு பாடவேளை கண்ணை மூடி மூச்சுவிடச் சொல்வதில் என்ன கெட்டுவிடும்? கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. மகிழ்ச்சி ஒரு மதிப்பெண் ஆகிவிட்டால், அது வராத நாளெல்லாம் பெயிலான நாள்.

உளவியலாளர் ஐரிஸ் மாஸ் தன் சகாக்களோடு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பங்கேற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு மகிழ்ச்சியின் அருமை பெருமைகளைச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு படத்துண்டைக் காட்டினார்கள். மகிழ்ச்சியான காட்சியைப் பார்த்தவர்களில், அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். சோகக் காட்சியில் அந்த வித்தியாசம் இல்லை. சந்தோஷப்பட வாய்ப்பிருந்த இடத்தில்தான் அந்தக் கட்டுரை காலை வாரியது. இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். கொடைக்கானல் ஏரிக்கரையில், செலவழித்த காசுக்கு ஏற்ற சந்தோஷம் வந்ததா என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத் தலைவரைப் பார்த்தாலே போதும்.

இதைத் தன் உடம்பில் அனுபவித்து எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில். 1806இல் பிறந்தவர். அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி என்ற தத்துவஞானி பெந்தாமின் கொள்கையைப் பால்குடியிலிருந்தே ஊட்டி வளர்க்கப்பட்டவர். மூன்று வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கி, பதினேழு வயதில் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் அப்பாவுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது சென்னை மாகாணமும் அந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. 1826இல், இருபது வயதில், அவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்: நான் பாடுபடும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டால் எனக்கு மகிழ்ச்சி வருமா? உள்ளிருந்து வந்த பதில், வராது. அதோடு இடிந்து உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் அதிலிருந்து மீள முடியவில்லை.

பிழைத்து வந்த பிறகு அவர் எட்டிய முடிவு, அவர் இறந்த 1873ஆம் ஆண்டில் வெளியான தன்வரலாற்றில் இருக்கிறது. மகிழ்ச்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அதுதான் வாழ்க்கையின் அளவுகோல் என்பதையும் கைவிடவில்லை. ஆனால் நேராக அதைக் குறிவைத்துப் போகிறவருக்கு அது கிடைக்காது, பிறர் நலனிலோ ஒரு கலையிலோ வேறொரு காரியத்திலோ மனத்தைச் செலுத்தி, அதையே காரியமாக எடுத்துக்கொண்டவருக்குத்தான் வழியில் அகப்படும் என்று எழுதினார். மகிழ்ச்சித் தத்துவத்தின் தலைப்பிள்ளையே கொடுத்த வாக்குமூலம் இது. நம் மேடைகளில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பயிற்சி வகுப்புக்கு ஆள் சேராது.

"அதெல்லாம் சரி சார், உடைந்துபோன ஆள் யாருக்கு என்ன செய்ய முடியும்?" என்ற கேள்வி வரும். எதிர்த்தரப்பின் பலமான வாதம் இதுதான். இதற்கு வாதத்தால் பதில் சொல்வதைவிட, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன், அந்தக் காலத்தில் டயர் தொழிற்சாலைகளின் ஊர். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒரு வியாபாரக் காரியமாக அங்கே வந்து, காரியம் தோற்றுப்போய், மேஃபிளவர் ஹோட்டல் முகப்புக்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியால் வேலையும் மரியாதையும் போனவர். 1934 டிசம்பரில்தான் நிறுத்தியிருந்தார். இந்த ஐந்து மாதமும் நியூயார்க்கில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய்ப் புத்தி சொல்லியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. அவர் மனம் சோர்ந்தபோது மனைவி லோயிஸ்தான் எடுத்துச் சொன்னார்: அவர்கள் நிறுத்தாவிட்டால் என்ன, நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே!

முகப்புக்கூடத்தின் ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். பாருக்குள் கால் போய்விடும் என்று தெரிந்த அந்த நேரத்தில், வில்சன் நல்ல டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கவில்லை. தன்னைத் தேற்ற ஆள் தேடவில்லை. பலரையும் ஒருவர் மாற்றி ஒருவராகக் கூப்பிட்டு, இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கிற யாராவது உண்டா, நான் பேச வேண்டும் என்று கேட்டார். கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி வழியாக மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அறுவை மருத்துவர். கை நடுக்கத்தோடு வந்து, கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று கறாராகச் சொன்னவர், இரவு வரை எழுந்திருக்கவில்லை. அன்று வில்சன் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். பாப் இடையில் ஒருமுறை சறுக்கினார். ஜூன் 10ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான், குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. அடுத்து இருவரும் செய்த வேலை, ஆக்ரன் மருத்துவமனைக்குப் போய் மூன்றாவது ஆளைத் தேடியது.

இரண்டு பேரிடமும் மிஞ்சியது என்று எதுவும் இல்லை. நிம்மதி இல்லை, பணம் இல்லை, நாளைக்குக் குடிக்க மாட்டோம் என்ற உறுதிகூட இல்லை. முதலில் நீ முழுசாகக் குணமாகு, பிறகு அடுத்தவனைப் பார் என்ற விதியை அன்று வில்சன் பின்பற்றியிருந்தால், அவர் போயிருக்கக்கூடிய ஒரே இடம் அந்த பார். இன்று தமிழ்நாட்டிலும் சர்ச் அறைகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் அந்த அமைப்பின் கூட்டங்கள் நடக்கின்றன. பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பெயரை மட்டும் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கும் பேச்சு. போன மாதம் நிறுத்தியவர், நேற்று நிறுத்தியவருக்குத் தன் போன் நம்பரைக் கொடுக்கிறார். 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, குடியை அறவே விட்டிருப்பதில் இந்த வழிமுறை மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல, பல இடங்களில் ஒரு படி மேல் என்று சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடைந்தவர் உதவ முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு ஒரு கூட்டம் தலையாட்டும்: "அதேதான் சார் நாங்களும் சொல்கிறோம். பிறருக்கு உதவினால் சந்தோஷம் வரும். மூளையில் ஏதோ சுரக்கிறதாம்." இந்த நண்பர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. முதல் கூட்டமாவது வெளிப்படையாகத் தன்னைப் பார்த்துக்கொள்கிறது. இவர்கள் அடுத்தவர் தோளில் கை போட்டுக்கொண்டு தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இவர்கள் காட்டும் சான்று உண்மைதான். உளவியலாளர் எலிசபெத் டன்னும் சகாக்களும் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். வான்கூவரில் 46 பேருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தனக்காக, சிலர் பிறருக்காக. பிறருக்காகச் செலவழித்தவர்கள் அன்று மாலை கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள், தொகை எவ்வளவு என்பது பொருட்டாகவே இல்லை. நல்ல செய்தி. ஆனால் இதையே உதவுவதற்கான காரணமாக ஆக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க வான்கூவர் போக வேண்டாம், நம் ஊர் குழந்தைகள் இல்லத்தில் ஒரு பிறந்தநாள் மதியம் போதும்.

வாசலில் கரும்பலகை. இன்றைய மதிய உணவு உபயம் என்று எழுதி, ஒரு குழந்தையின் பெயரும் முதலாம் ஆண்டு பிறந்தநாள் வாழ்த்தும். பன்னிரண்டரைக்கே பிள்ளைகள் கைகழுவி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பிரியாணி அண்டா வந்துவிட்டது, வாசனையும் வந்துவிட்டது. உபயதாரர் குடும்பம் வரவில்லை, டிராஃபிக்காம். ஒன்றே காலுக்குக் கார் வருகிறது. பட்டுப்பாவாடையில் பிறந்தநாள் குழந்தை தூக்கக் கலக்கத்தில் அழுகிறது. கேக் வெட்டும்போது நாற்பது பிள்ளைகளும், யாரென்றே தெரியாத அந்தக் குழந்தைக்காகக் கைதட்டி ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். முதல் கரண்டி சோறு விழும்போது போட்டோ. கரண்டியைப் பிடித்தவர் பார்ப்பது தட்டை அல்ல, கேமராவை. அரைமணி நேரத்தில் கார் கிளம்புகிறது. "மனசுக்கு எவ்வளவு நிறைவா இருக்கு தெரியுமா!" அது பொய்யில்லை, உண்மையிலேயே அவர்களுக்கு மனம் நிறைந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போடும். செவ்வாய்க்கிழமைக்கு யாரும் இல்லை. கணக்கு நோட்டுக்கு, பல் டாக்டருக்கு, கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளுக்கு உபயம் செய்ய எவருக்கும் பிறந்தநாள் வருவதில்லை.

அந்தக் குடும்பத்தைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். கொடுத்த சோறு சோறுதான், பசித்த வயிறு அதைச் சாப்பிட்டது. ஆனால் உதவியின் நாளையும் நேரத்தையும் வடிவத்தையும் கொடுப்பவரின் மகிழ்ச்சி தீர்மானிக்கும்போது, வாங்குகிறவர் அந்த மகிழ்ச்சியைத் தயாரித்துத் தரும் வேலைக்காரர் ஆகிவிடுகிறார். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது அதற்குக் காரணமாக இருந்தது எதிரில் இருந்தவர் பசி. அடுப்பு இன்றும் எரிகிறது. யாருடைய பிறந்தநாளையும் பார்த்து அது பற்றவைக்கப்படுவதில்லை.

இனி, என்னை உண்மையிலேயே யோசிக்கவைத்த எதிர்ப்புக்கு வருகிறேன். அது பெண்களிடமிருந்து வருவது. "காலமெல்லாம் அடுத்தவருக்கே உழைத்துத் தேய்ந்தோம். இப்போதுதான் உன்னையும் கொஞ்சம் கவனித்துக்கொள் என்று யாரோ சொல்கிறார்கள். அதையும் பிடுங்கப் பார்க்கிறீர்களா?" இல்லை. பக்கவாதம் வந்து நினைவிழந்து கிடக்கும் மாமனாரை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு மருமகளை எடுத்துக்கொள்வோம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. காலையில் பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டும். இந்தப் பெண்ணிடம் போய், முதலில் நீ சந்தோஷமாக இரு, உனக்கென்று நேரம் ஒதுக்கு என்றால் அதைவிடக் கேலி உண்டா? எந்த நேரத்தை ஒதுக்குவாள்? பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவிலா? அவளுக்கு வேண்டியது உபதேசம் அல்ல, ஆள். கணவன் ஒரு முறை எழுந்திருக்க வேண்டும். நாத்தனார் வாரம் ஒரு நாள் வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் உட்கார வேண்டும். அவளுடைய ஓய்வுக்கும் பிறர் உதவியைத் தவிர வேறு வாசல் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் முதலில் மூச்சு முட்டிப் போகிறவள் இவள்தான்.

இப்படிப் பிறர் கைகொடுப்பதைப் பக்கத்து மாநிலமான கேரளத்தில் கண்ணாரக் காணலாம். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடியாதவர்கள்தான் அதிகம் என்று தெரிந்ததும், வேலை வீடுகளை நோக்கி நகர்ந்தது. மலப்புறம் பக்கம் ஊர் ஊராகத் தொண்டர் குழுக்கள் எழுந்தன. ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற வாத்தியார், கடைக்காரர். சில நாள் பயிற்சி பெற்று, நர்ஸோடு வீட்டுக்குப் போகிறார்கள். நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து டியூப் மாற்றும்போது இவர்கள் பேசுகிறார்கள், கேட்கிறார்கள், அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது, பஞ்சாயத்துகளும் பொறுப்பேற்றன. சேரும்போது நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அந்த வேலை மகிழ்ச்சி தரும் வேலையும் அல்ல. பார்க்கப் போகிற நோயாளி பிழைக்கப்போவதில்லை, புண் நாறும், பழகிய முகம் அடுத்த வாரம் இருக்காது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் போகிறார்கள். தான் போகாவிட்டால் ஒரு வீட்டில் ஒரு வேலை நின்றுவிடும் என்று தெரிந்த மனிதருக்கு வாழ்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சந்தோஷத்தை அளந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

தொண்டில் கிடைக்கும் நிறைவை முதலாளிகள் கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாடு முழுக்க வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி, பிரசவம் என்று பார்க்கும் ஆஷா பணியாளர்களைத் தொண்டர்கள் என்று பெயர் சூட்டி, சம்பளம் இல்லாமல் மதிப்பூதியத்தில் வைத்திருக்கிறோம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் அதே கேரளத்தில் அவர்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலில் உட்கார்ந்தார்கள். சேவை செய்கிறவருக்கு மனநிறைவே கூலி என்று சொல்கிறவர், அநேகமாகக் கூலி கொடுக்க வேண்டியவராகத்தான் இருப்பார். தொண்டில் நிறைவு காண்பது தொண்டு செய்கிறவரின் சொந்த விஷயம். அதைக் காட்டி ஊதியத்தைக் கழிக்க எந்த அரசுக்கும் எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.

ஆகவே நண்பர்களே, இல்லத்தில் அன்னதானம் பதிய நினைத்தால், போனில் உங்கள் தேதியைச் சொல்வதற்கு முன் "உங்களுக்கு எந்த நாள் காலியாக இருக்கிறது? சோறு வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேளுங்கள். தாழ்ப்பாள் என்றால் தாழ்ப்பாள் வாங்கிக் கொடுங்கள். உங்கள் தெருவிலும் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடு ஒன்று இருக்கும். அங்கே ஆப்பிள் பையோடு போய் ஆறுதல் சொல்லிவிட்டு வராதீர்கள். "ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கும்மா" என்று சொல்லி, புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று அவளிடமே கேட்டுக்கொண்டு உட்காருங்கள். அன்றைக்கு உங்களுக்கு மனசு சரியில்லை என்றாலும் போங்கள்.